கீழ்வாய், மேல்வாய்

மேவிஸ் ப்ரூயிட்டின் பேச்சுக்கு நெருப்பே அடங்கி நடக்கும் என்று வடக்கு ஜார்ஜியாவின் அந்தச் சின்ன ஊரில் சொல்வார்கள். தேவாலயத்து விருந்து என்றால் பன்றித் தொடை அவள் வீட்டுப் பின்கட்டிலிருந்துதான் போகும். முட்டை வடிவத்தில், இடுப்புயரத்தில், இரண்டு விரல் தடிமனுள்ள சுவரோடு ஒரு பச்சைப் பீங்கான் அடுப்பு வைத்திருந்தாள். கீழே காற்று நுழைய ஒரு சிறு தகட்டுக் கதவு, மேலே காற்று வெளியேற ஒரு வட்டத் துளை. கீழ்வாய், மேல்வாய் என்பாள். இந்த இரண்டையும் நகம் அளவு நகர்த்தியே மூடியில் பதிந்த வெப்பமானியின் முள்ளை இருநூற்று இருபத்தைந்து பாரன்ஹீட்டில் நிறுத்தி, மாலை வரைக்கும் அசையாமல் வைத்திருப்பாள். சூடு ஒரு தடவை எல்லை தாண்டிவிட்டால் அந்தத் தடித்த சுவர் அதை லேசில் விடாது. அதனால் ஏறும்போதே பிடித்துவிட வேண்டும். முள் எங்கே போகப்போகிறது என்பது முள்ளுக்கு முன்னால் அவளுக்குத் தெரியும்.

அந்த ஜனவரியில் அவள் கணவன் வெண்டல் இடுப்பு மூட்டை அறுவை செய்து மாற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்திருந்தான். வாக்கரைப் பிடித்துக்கொண்டு கழிப்பறை வரை போய் வருவதே அவனுக்குப் பெரிய பயணம். மருத்துவமனையிலேயே பிடித்த சளி நெஞ்சில் இறங்கியிருந்தது. அந்த நேரம் பார்த்துத்தான் பனிமழை வந்தது. பெய்த மழை விழுந்த இடத்திலேயே உறைந்தது. பைன் மரங்கள் பாரம் தாங்காமல் வேட்டுச் சத்தத்தோடு முறிந்து கம்பிகள் மேல் விழுந்தன. விளக்கு போனது, கைப்பேசிக் கோபுரம் போனது. மின்சாரத்தில் ஓடும் வீடு அது. சமையலறை அடுப்பு, சூடேற்றி, வெந்நீர் எல்லாம் ஒரே நேரத்தில் செத்தன.

மறுநாள் காலையில் படுக்கையறைக்குள் வெண்டல் விட்ட மூச்சு வெள்ளையாகத் தெரிந்தது. இருக்கிற கம்பளி எல்லாவற்றையும் அவன்மேல் போட்டிருந்தாள். அப்படியும் பற்கள் அடித்துக்கொண்டன. உதட்டோரம் நீலம் பாய்ந்திருந்தது.

அவளுக்குத் தெரிந்த வழியில்தான் முதலில் போனாள். பின்கட்டுச் சிமெண்டுத் தளத்தில் அடுப்பை மூட்டி, தோட்டத்துச் செங்கற்களை உள்ளே வைத்துச் சூடாக்கினாள். துண்டில் சுற்றிக் கொண்டுவந்து அவன் காலடியிலும் விலாவிலும் வைத்தாள். அது நல்ல வேலை செய்தது. வெண்டலின் நடுக்கம் நின்றது. ஆனால் செங்கல் ஆறிவிடும், திரும்ப வெளியே போக வேண்டும். தளம் முழுக்கக் கண்ணாடியாய் உறைந்து கிடந்தது. மூன்றாவதோ நான்காவதோ முறை போகையில் கால் வழுக்கி, கையூன்றி விழுந்தாள். வலது மணிக்கட்டில் ஏதோ நொறுங்கியது அவளுக்கே கேட்டது.

உள்ளே வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து கையைத் தொடைமேல் வைத்துக்கொண்டாள்.

"என்னடி ஆச்சு? மூஞ்சி வெளுத்துக் கெடக்கு."

"ஒண்ணுமில்ல. சறுக்கிட்டேன்."

"கையைக் காட்டு."

"காட்டினா மட்டும் நீ எந்திரிச்சு கட்டுப் போடப் போறியா? சும்மா படு."

வெண்டல் ஜன்னல் பக்கம் தலையைத் திருப்பினான். சாலைக்கு எதிர்ப்பக்கம் ராய்ஸ் டாக்கெட்டின் பிக்கப் வண்டி வாசலில் உறுமிக்கொண்டு நின்றது. ராய்ஸ் தனி ஆள். சூடேற்றியைப் போட்டுக்கொண்டு வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருந்தான்.

"அவன்கிட்டக் கேளு மேவிஸ். வண்டியில ரெண்டு பேருக்கும் எடமிருக்கும்."

"அவன் வண்டியிலயா? இங்கயே வெறச்சுப் போறேன்."

"நீ வெறச்சுப் போவே சரி. என்னை ஏன் கூடக் கூப்பிடுறே?" என்று சிரிக்கப் போய் இருமினான். இருமல் நிற்க வெகுநேரம் ஆனது.

ராய்ஸின் மனைவிக்கு ஆஸ்துமா இருந்தது. சில வருடங்களுக்கு முன் அவன் வேலியோரம் வந்து நின்று, உங்கள் அடுப்புப் புகை எங்கள் ஜன்னலுக்குள் வருகிறது என்று கத்தினான். ஜன்னலைச் சாத்திக்கொள் என்றாள் மேவிஸ். அதோடு பேச்சு அறுந்தது. போன வசந்தத்தில் அந்தப் பெண் இறந்தபோது இறுதிச் சடங்குக்கு மேவிஸ் போகவில்லை. போகலாம் என்று உடை மாற்றிக்கொண்டு, கடைசியில் போகவில்லை. இப்போது எந்த முகத்தோடு அவன் கதவைத் தட்டுவது?

"அடுப்பை உள்ள கொண்டாரேன்" என்றாள்.

"எதை, அந்தக் குண்டனையா?"

"கண்ணாடி அறையில வைக்கிறேன். உன் கட்டிலுக்கு நேர் வாசல். சூடு நேரா இங்க வரும்."

"புகை வராதா?"

"என் நெருப்புல நீ எப்பப் புகை பாத்தே? மணத்துக்கு மரத்துண்டு போட்டாத்தான் புகை. வெறும் கரி நல்லாப் பிடிச்சுக்கிட்டா காத்து மாதிரி எரியும். ஜன்னல் ஒண்ணைக் கொஞ்சம் தெறந்து வைக்கிறேன், போதுமா?"

வெண்டல் அதற்குமேல் கேட்கவில்லை. நெருப்பு விஷயத்தில் அவளை அவன் கேட்டதே கிடையாது.

அடுப்பு சக்கரம் வைத்த இரும்புத் தாங்கியில் நின்றது. தளமும் அதை ஒட்டி, சுற்றிலும் ஜன்னல் வைத்த அந்தக் கண்ணாடி அறையும் ஒரே மட்டம், நடுவில் விரல் உயர வாசற்படி ஒன்றுதான். ஒரு பலகையைச் சாய்த்துப் போட்டு, தோளாலும் இடுப்பாலும் முட்டி முட்டித் தள்ளினாள். மணிக்கட்டு உயிரை எடுத்தது. உள்ளே கொண்டுவந்து சக்கரங்களைப் பூட்டிக் கதவைச் சாத்தினாள். கொஞ்ச நேரத்தில் அந்த அறை இளவெயில் அடித்தாற்போல் ஆனது. சூடு படுக்கையறைக்குள் ஊர்ந்து போனது. சுவர்க் கடிகாரத்தின் கண்ணாடியில் படிந்திருந்த ஈரம் காய்ந்தது. குளிர்பெட்டியில் கிடந்த கோழியை அடுப்பில் வாட்டி எடுத்தாள். இருவரும் கையாலேயே பிய்த்துத் தின்றார்கள்.

"மகாராணி, இனிமே பனிக்காலம் பூரா இதை இங்கயே வச்சிரு" என்றான் வெண்டல்.

கரிச் சாக்கு பாதிக்கும் கீழே இருந்தது. மின்சாரம் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. கரி நீண்ட நேரம் வர வேண்டுமானால் காற்றைக் குறைக்க வேண்டும். மேவிஸ் கீழ்வாயை ஒரு நூல் விட்டுச் சாத்தினாள். மேல்வாயைப் பிறைபோலத் திறந்து வைத்தாள். முள் இருநூற்று இருபத்தைந்தில் வந்து நின்றது. பார்க்கப் பார்க்க மனசுக்குள் பழைய பெருமை எட்டிப் பார்த்தது. ஊரே விறைத்துக் கிடக்கிறது, என் வீட்டில் மட்டும் முள் அசையவில்லை.

"ஜன்னல் வழியா ஊசி மாதிரி குத்துதுடி" என்று வெண்டல் முனகினான். அவள் போய் ஜன்னலை இறக்கினாள். முழுக்க மூடவில்லை, ஒரு விரற்கடை விட்டாள். அந்த இடுக்கையும் பிறகு ஒரு துண்டால் அடைத்தாள். குளிர் அப்படி வந்தது.

மதியத்துக்கு மேல் தலைவலி தொடங்கியது. காலையில் காப்பி குடிக்காததால் என்று நினைத்தாள். வெண்டலும் நெற்றியைப் பிடித்துக்கொண்டான். பிறகு தூங்கிப்போனான். கன்னம் இரண்டும் சிவந்து, வெகுநாளாக இல்லாத நிறம் அவன் முகத்தில் வந்திருந்தது. தேறிவிட்டான் என்று அவளுக்குக் கண் கலங்கியது. கூடத்தில், கரி எரிந்தால் வரும் மணமில்லாத விஷவாயுவைக் கண்டால் அலறும் கருவி ஒன்று மாட்டியிருந்தது. அது வீட்டு மின்சாரத்தில் ஓடுவது. அதுவும் நேற்றே செத்திருந்தது.

கரி போட எழுந்தபோது முழங்கால் இரண்டும் மடங்கின. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு அடுப்பு வரை போனாள். முள்ளைப் பார்த்தாள். முள் இருந்தது, எண்கள் இருந்தன, ஆனால் அது எங்கே நிற்க வேண்டும் என்பது நினைவுக்கு வரவில்லை. எத்தனை ஆண்டுகளாகப் பார்க்கும் முள்! கூடுதலா, குறைவா? காற்றைத் திறக்க வேண்டுமா, மூட வேண்டுமா? வயிறு புரட்டி, தின்ற கோழி அப்படியே தரையில் வந்தது.

வாயைத் துடைக்கக் குனிந்தபோது கரிச் சாக்கு கண்ணெதிரே இருந்தது. அதன் அடிப்பக்கத்தில் ஒரு படம். ஒரு வீடு, ஒரு கூடாரம், இரண்டின் மேலும் குறுக்கே அடித்த கோடு. எத்தனை சாக்குகளைக் கிழித்திருப்பாள். அந்தப் படத்தை ஒருநாளும் அவள் பார்த்ததில்லை. இப்போது எழுத்துகள் மிதந்தன, படம் மட்டும் புரிந்தது.

"வெண்டல்!"

அவன் அசையவில்லை. தவழ்ந்து போய் அவன் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"வெண்டல், எந்திரி! எந்திரிய்யா!"

கண் பாதி திறந்தது. "ரூபி... குதிரையைக் கட்டியாச்சா?" என்றான். ரூபி அவனுடைய அக்கா. இறந்து பல வருடமாகிறது.

மேவிஸின் கை பழக்கத்தில் போனது. அடுப்பிடம் திரும்பிப்போய்க் கீழ்வாயை அடித்துச் சாத்தினாள், மேல்வாயை மூடினாள். காற்றில்லாவிட்டால் நெருப்பு சாகும். அது அவளுக்குத் தூக்கத்திலும் தெரியும். மூடிய பிறகுதான் மீதி நினைவு வந்தது. இது உடனே சாகாது. அந்தச் சுவருக்குள் கரி மணிக்கணக்கில் மூச்சடக்கிக் கிடக்கும், கிடக்கிற நேரமெல்லாம் அந்த விஷத்தைத்தான் கக்கும், மூடி இடுக்கு வழியே அது கசியும். காற்றைக் குறைத்துக் குறைத்து மதியம் முழுக்க அவள் செய்ததும் அதுதான்.

கரியை வாரி வெளியே கொட்டிவிடலாம் என்று மூடியின் பிடியில் கை வைத்தாள். வைத்த கை அப்படியே நின்றது. மூச்சடைத்துக் கிடக்கும் நெருப்புக்குச் சட்டென்று காற்றுக் கொடுத்தால் அது ஆளைப் பார்த்துப் பாயும். இரண்டு தடவை அவள் புருவம் பொசுங்கியிருக்கிறது. இப்போது பாய்ந்தால் திரைச்சீலை, கூரை, வெண்டல். கையை எடுத்தாள்.

வெளியே தள்ளப் பார்த்தாள். சக்கரப் பூட்டைக் காலால் எத்தினாள், அது எழும்பவில்லை. பின்கதவை இழுத்தாள். உள்ளே வந்த சூட்டில் வாசற்படிப் பனி உருகி, கதவுக்கடியில் போய் மறுபடி உறைந்திருந்தது. கதவு சுவரோடு சுவராக ஒட்டிக் கிடந்தது. தோளால் அடுப்பை முட்டினாள். தாங்கி ஒரு பக்கம் சாய்ந்து மெல்ல ஆடியது. கவிழ்ந்தால் உடைந்து தணலெல்லாம் தரைவிரிப்பில் கொட்டும். "வேணாம், வேணாம்" என்று அதனிடமே கெஞ்சினாள். ஆடி ஆடி நிலைக்கு வந்தது.

சாம்பல் கிளறும் இரும்புக் கோல் சுவரோரம் இருந்தது. இடது கையால் எடுத்துக் கண்ணாடிச் சட்டங்களை அடித்தாள். முதல் அடியில் கோல் எகிறி வந்தது. இரண்டாவதில் ஒரு கண்ணாடி போனது. ஒன்று, இன்னொன்று, எட்டும் உயரத்தில் இருந்த எல்லாவற்றையும் உடைத்தாள். குளிர் பாய்ந்து உள்ளே வந்தது. உடைந்த சட்டத்தில் முகத்தை வைத்து இழுத்து இழுத்து மூச்சு விட்டாள். கன்னம் கிழிந்தது அவளுக்குத் தெரியவில்லை.

பிறகு வெண்டல். அவன் கிடந்த போர்வையோடு சேர்த்துக் கட்டிலிலிருந்து இழுத்தாள். அவன் தொப்பென்று விழுந்தான். புது இடுப்பு என்ன ஆயிற்றோ, அதைப் பற்றி நினைக்க நேரமில்லை. ஒரு கையால் போர்வையைப் பிடித்து, பின்னால் நகர்ந்து நகர்ந்து இழுத்தாள். வாசல் தாண்டியது, கூடம் வந்தது. கூடத்தின் திருப்பத்தில் அவன் கால் கதவு நிலையில் சிக்கியது. இழுத்தாள். நகரவில்லை. உட்கார்ந்து, காலைச் சுவரில் ஊன்றி இழுத்தாள். அவன் தலை ஒரு பக்கம் தொங்கியது.

"நான்தான்டா உன்னைக் கொன்னேன்" என்று அவன் காதில் சொன்னாள். "நானேதான்."

அவனை அங்கேயே விட்டுவிட்டு முன்கதவைத் திறந்து வெளியே தவழ்ந்தாள். எதிரே ராய்ஸின் வண்டி உறுமிக்கொண்டிருந்தது. கத்தினாள். குரல் வாசலைத் தாண்டவில்லை. படியிலிருந்து இறங்கப் பார்த்தாள், உட்கார்ந்த நிலையிலேயே சறுக்கித் தோட்டத்தில் போய் விழுந்தாள். புல்வெளி முழுக்க ஒரே பனிப்பாளம். நிற்க முடியாது. முழங்கையை ஊன்றி ஊன்றிச் சாலை வரை போனாள். உள்ளே ஒருவன் செத்துக்கொண்டிருக்க, இப்படி ஊர்ந்து ஊர்ந்து போக வேண்டியிருக்கிறதே என்று அழுதுகொண்டே போனாள்.

ராய்ஸ் கண்ணாடியை இறக்கினான். கன்னத்தில் ரத்தம் உறைந்து, காலில் காலணிகூட இல்லாமல் சாலையில் கிடந்தவளைப் பார்த்துக் கதவைத் திறந்தான்.

"ஏங்க, என்ன இது? யாரு அடிச்சது?"

"வெண்டல்... உள்ள... கரி அடுப்பு. வீட்டுக்குள்ள வச்சிட்டேன்."

"வீட்டுக்குள்ளயா?" அவன் முகம் மாறியது. "அறிவிருக்கா உங்களுக்கு?"

"இல்ல. வந்து தூக்குங்க. அப்புறம் திட்டுங்க."

அவன் வண்டியை எடுத்தான். சக்கரங்கள் சுழன்று, வண்டி பக்கவாட்டில் போய், அவர்கள் அஞ்சல் பெட்டியை முறித்து, புல்வெளியில் ஏறிப் படிக்கட்டில் முட்டி நின்றது. வாயைக் கழுத்துத்துணியால் கட்டிக்கொண்டு உள்ளே ஓடினான். வெண்டலைக் கக்கத்தில் கையிட்டுத் தூக்கி இழுத்துவந்து பின்சீட்டில் கிடத்தினான். திரும்ப உள்ளே போகப் பார்த்தான்.

"எங்க போறீங்க?"

"அந்தச் சனியன்மேல தண்ணி ஊத்திட்டு வரேன்."

"வேணாம்! ஊத்துனா வெடிக்கும். தொடாதீங்க, விடுங்க அது கெடக்கட்டும்!"

வண்டியில் லாரிக்காரர்கள் வைத்திருப்பது போன்ற ஒரு ரேடியோ இருந்தது. ராய்ஸ் அதில் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். இரைச்சல்தான் வந்தது. மேவிஸ் பின்சீட்டில் வெண்டலின் தலையை மடியில் வைத்து, ஜன்னலைத் திறந்து, அவன் வாயருகே கையை வைத்துப் பார்த்தாள். மூச்சு இருந்தது. நீண்ட இடைவெளி விட்டு விட்டு வந்தது. ஒவ்வொரு இடைவெளியிலும் இதுதான் கடைசி என்று நினைத்தாள். கடைசியில் ரேடியோவில் ஒரு குரல் பதில் சொன்னது. ஊரின் தன்னார்வத் தீயணைப்பாளர்கள். சாலையில் மரங்கள் கிடக்கின்றன, டிராக்டரில் வருகிறோம் என்றார்கள். ரம்பத்தின் சத்தம் தூரத்தில் கேட்டது. அந்தச் சத்தம் அதே தூரத்திலேயே நின்றது.

"வராங்க" என்றான் ராய்ஸ்.

"வரலையே."

"வராங்க. மூச்சைப் பாத்துக்கிட்டே இருங்க. என் பொண்டாட்டிக்கு இப்படித்தான் பாத்துக்கிட்டிருப்பேன்." பின்னால் திரும்பி, "விட்டு விட்டு வந்தாலும் வருதுல்ல, அது போதும்" என்றான்.

அவள் மறுபடி வெண்டலின் வாயருகே கையைக் கொண்டுபோனாள்.

அவர்கள் வந்தபோது வெளிச்சம் மங்கத் தொடங்கியிருந்தது. ஆக்ஸிஜன் முகமூடியை வெண்டலுக்கு மாட்டினார்கள், அவளுக்கும் ஒன்று. அடுப்பு இன்னும் சுட்டுக்கொண்டிருந்ததாகவும், நான்கு பேர் சேர்ந்து கதவைப் பெயர்த்து அதை வெளியே இழுத்துப் போட்டதாகவும் பின்னால் யாரோ சொன்னார்கள். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மருத்துவமனையில் அவள் மணிக்கட்டுக்கு மாவுக்கட்டுப் போட்டார்கள். ரத்தத்திலிருந்து விஷத்தை விரட்ட, வெண்டலை ஆக்ஸிஜனை அழுத்தத்தோடு ஏற்றும் கண்ணாடிக் குழலுக்குள் படுக்க வைத்தார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவன் கண் திறந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். உயிருக்குப் பயமில்லை, மூளை எவ்வளவு தாங்கியிருக்கிறது என்பதைப் பொறுத்திருந்துதான் பார்க்க வேண்டும் என்றார் மருத்துவர். எவ்வளவு நேரம் அடுப்பு உள்ளே இருந்தது என்று கேட்டார். மேவிஸ் எல்லாவற்றையும் சொன்னாள். ஜன்னலைத் துண்டால் அடைத்ததையும் சொன்னாள். அவர் தலையை ஆட்டிக் குறித்துக்கொண்டார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது.

சாலை திறந்த பிறகு ராய்ஸ் ஒரு பையில் அவள் காலணியும் மாற்று உடையும் எடுத்துவந்தான்.

"ஜன்னலுக்கெல்லாம் பலகை அடிச்சிட்டேன். குழாய் ஒண்ணு வெடிச்சிருந்துச்சு, அடைச்சிட்டேன்."

"ராய்ஸ், அன்னிக்கு உங்க வீட்டுக்காரம்மா சாவுக்கு நான்..."

"அதை இப்ப எடுக்காதீங்க." அவன் தொப்பியைக் கையில் வைத்துச் சுற்றினான். "எனக்கு இன்னும் கோபம் இருக்கு. அது இருக்கட்டும். காலுக்குச் செருப்பைப் போடுங்க முதல்ல, தரை சில்லுனு இருக்கு."

அன்று மாலை தாதிப் பெண் வெண்டலிடம் வழக்கமான கேள்விகளைக் கேட்டாள். எந்த ஊர்? சரியாகச் சொன்னான். என்ன மாதம்? கோடை என்றான். மேவிஸைக் காட்டி, "இவங்க யாரு?" என்று கேட்டாள்.

வெண்டல் அவளை நெடுநேரம் பார்த்தான். உதடு அசைந்தது. மேவிஸ் கட்டில் கம்பியை மாவுக்கட்டுக் கையாலேயே அழுத்திப் பிடித்தாள்.

"பேரு வர மாட்டேங்குது" என்றான். "ஆனா இவ சட்டுனு கோவப்படுவா. மாமிசத்தை நல்லா வேக வைப்பா. எனக்குப் போர்வை போட்டதெல்லாம் இவதான்."

தாதி குறித்துக்கொண்டு போனாள். மேவிஸ் எழுந்து நடைவழிக்கு வந்து, சுவரைப் பார்த்து நின்று அழுதாள்.

அவள் பெயர் அவனுக்கு மறுநாள் வந்தது. மாதங்களின் பெயர்கள் பல நாள் கழித்து ஒவ்வொன்றாக வந்தன. இடது கை மட்டும் முழுசாகத் திரும்பவில்லை. ஸ்பூனைப் பிடிக்கும், சட்டைப் பொத்தானைப் பிடிக்காது. காலையில் அவன் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து மோவாயை உயர்த்திக் கொடுப்பான். அவள் கழுத்திலிருந்து தொடங்கி ஒவ்வொரு பொத்தானாகப் போட்டுவிடுவாள்.